ஐந்தாவது ஆள்

காரங்காட்டு மீன் இறங்குதளத்தின் தூணில்
ஆணையை ஒட்டிய பசை இன்னும் காயவில்லை.
ஐவரோ, ஐவருக்கு மேலோ
பொது இடத்தில் கூடலாகாது,
உரக்கக் குரலெழுப்பலாகாது,
கம்பு, கத்தி கொண்டு செல்லலாகாது.
புதுச் சட்டத்தில் பிரிவின் எண்ணை மாற்றிவிட்டார்கள்.
ஊர் வாயில் அது இன்னும்
நூத்தி நாப்பத்திநாலுதான்.

கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம்
இரண்டு ஊருக்குள் தகராறு.
அதற்குக் கடற்கரையும் வாயைப் பொத்த வேண்டும்.
"எண்ணிக்கிட்டே இரு,
அஞ்சு சேந்தா கலைச்சு விடு"
என்று அனுப்பினார் இன்ஸ்பெக்டர்.
நான் வாணியம்பாடிக்காரன்.
தோல் நாற்றம் பழக்கம், மீன் புதிது.

நாலே முக்காலுக்கு வல்லங்கள் வந்தன.
சூடை, காரல், கொஞ்சம் நண்டு.
கூடைக்குள் ஆயிரக்கணக்கில் கூடியிருந்தவற்றுக்கு
ஆணையில் ஒரு வரியும் இல்லை.
ஏலக்காரர் சந்தியாகு தொண்டையைச் செருமினார்.
தொண்டி காதர்மீரா, ஐஸ் லாரிக்காரன்,
கையில் கத்தியோடு இருதயமேரி
(கத்தியா? நான் வானத்தைப் பார்த்தேன்),
சந்தியாகுவோடு நாலு.
ஐந்தாவதாகத் திருப்பாலைக்குடி வியாபாரி
செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

விசிலை எடுத்தேன்.
அவர் நின்றார். தூணைப் படித்தார்.
என்னைப் பார்த்தார்.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
கடலுக்குள் நடந்தார்.

இந்தக் கடல் சோம்பேறி.
எவ்வளவு தூரம் போனாலும்
முழங்காலைத் தாண்ட அதற்கு மனசு வராது.
கடற்புல்லில் கால் ஊன்றித் திரும்பிக் கேட்டார்:
"ஏட்டய்யா, நான் நிக்கிறது ஒங்க ஸ்டேஷனா,
மரைன் ஸ்டேஷனா?"

பயிற்சியில் இது வரவில்லை.
நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்
ஆறாவது ஆள், ஏழாவது ஆள்,
ஒரு தராசு, இரண்டு கூடை,
கடைசியில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருதயமேரி,
எல்லாம் தண்ணீருக்குப் போய்விட்டது.
கரையில் நான் ஒருத்தன்.
சட்டத்துக்கு நூறு சதவீதம் கீழ்ப்படிந்த கரை.

"எரநூறு, எரநூறு, எரநூத்தி இருவது,
யாருப்பா முப்பது..."
குரலைப் பிடிக்க எந்தப் பிரிவு?
பூட்ஸோடு இறங்கினேன். தண்ணீர் உள்ளே புகுந்தது.
கையை உயர்த்தி
"கலைஞ்சு போங்க!" என்று கத்த வாயெடுத்தேன்.

"அய்யா ஐந்நூறு!" என்றார் சந்தியாகு.

அலை மட்டும் பேசியது.
போலீஸ் கேட்ட விலைக்கு மேல் யார் கேட்பார்?
ஒருதரம். ரெண்டுதரம்.
காதர்மீரா பற்களைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினார்.
மூணுதரம்.

சட்டைப்பையில் இருந்தது நானூற்றி எழுபது.
"மிச்சம் நாளைக்கி" என்றார் சந்தியாகு,
நாளைக்கும் ஏலம் உண்டு என்பதை
அப்படித்தான் எனக்குச் சொன்னார்.

கூடையைக் கரையேற்றினார்கள்.
லாரிக்காரன் ஒரு வாளி ஐஸ் அள்ளி வந்தான்.
வேண்டாம் என்றேன்.
"வெயிலேறினா கெட்டுரும் சார்."
கெடட்டும் என்றேன்.
அவன் வாளியோடு சற்று நின்றுவிட்டுப் போனான்.

போன வாரம், கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம்,
ஒரு பையனின் கையை
சர்பத் கடை ஐஸில் பொதிந்து
ஆஸ்பத்திரிக்கு எடுத்து ஓடியது நான்தான்.
பையன் ஜீப்பில் வந்தான்,
கை என் மடியில்.
ஒட்டவில்லை.
வெட்டியவர்கள் மூன்று பேர்.
யாரும் சத்தம் போடவில்லையாம்.
மூன்று, ஆணைப்படி, கூட்டமல்ல.

ஸ்டேஷன் குறிப்பேட்டில் எழுதினேன்:
காலை 4.45 முதல் 6.30 வரை
கரையில் கூட்டம் இல்லை. அமைதி நிலவியது.
பூட்ஸைக் கவிழ்த்துச் சுவரில் சாய்த்தேன்.
உள்ளிருந்து ஒரு பொடிக் காரல் விழுந்தது,
இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடியபடி.